உணவுப் பொதியும் உரிமையும்: டென்மார்க் பாடசாலைகளில் தமிழ்ப் பிள்ளைகளின் மதிய உணவு

உலகின் முன்னணி நலன்புரி அரசுகளுள் ஒன்று எனப் போற்றப்படும் நாடு டென்மார்க். அந்நாட்டில் பிள்ளைக்குக் கல்வி இலவசம். நூல்கள் இலவசம். பாடசாலைப் பல்மருத்துவம் இலவசம். ஆனால் அதே பிள்ளை நண்பகலில் உண்ணும் உணவு மட்டும் இன்றுவரை பெற்றோரின் பணப்பையையும் பெற்றோரின் நேரத்தையும் நம்பியே இருக்கின்றது. 1953ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, கட்டாயக் கல்வி வயதிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் மக்கள் பாடசாலையில் இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டென 76ஆவது பிரிவில் உறுதியளிக்கின்றது. அந்தப் பிரிவில் உணவு என்ற சொல் இல்லை. இந்த இடைவெளியில் அகப்பட்டுக்கொள்பவை வருமானம் குறைந்த குடும்பங்களே. அவற்றுள் தமிழ்க் குடும்பங்களும் உண்டு.

இது புலம்பெயர் சமூகத்தில் அதிகம் பேசப்படாத விடயம். வீடு வாங்குதல், பிள்ளையை மருத்துவராக்குதல், பொறியியலாளராக்குதல் பற்றி மேடைகளில் பேசுவோர், கட்டணம் கட்ட முடியாமல் உணவுப் பதிவை நிறுத்திக்கொண்ட குடும்பத்தைப் பற்றிப் பேசுவதில்லை. அக்குடும்பமும் பேசுவதில்லை. சட்டம் தந்திருக்கும் உதவியோ, கேட்பார் இன்றிக் கிடக்கின்றது.

மரபாகிப்போன உணவுப் பொதி

டென்மார்க் பாடசாலையின் மதிய உணவு என்றால் அது 'மட்பக்க' என அழைக்கப்படும் வீட்டு உணவுப் பொதிதான். றை மாவில் செய்த கறுப்புப் பாண், அதன்மேல் ஈரற் பசையோ வெண்ணெய்க்கட்டியோ, பக்கத்தில் சில கரட் துண்டுகள். தாயோ தந்தையோ காலையில் பொதிசெய்து பையில் வைத்துவிட, பிள்ளை வகுப்பறையிலேயே அமர்ந்து உண்ணும். இது வெறும் பழக்கமன்று. பிள்ளையின் உணவு பெற்றோரின் பொறுப்பு, அதில் அரசு தலையிடத் தேவையில்லை என்ற கருத்தின் அடையாளமாகவே டேனிய சமூகம் இதைக் காத்து வந்துள்ளது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொப்பன்ஹேகனில் வறிய மாணவர்களுக்கு உணவளிக்க நன்கொடைச் சங்கங்கள் தோன்றியதுண்டு. எனினும் எல்லோருக்கும் பொதுவான பாடசாலை உணவு அங்கு வேரூன்றவில்லை.

அயலில் உள்ள நாடுகள் வேறு வழியில் சென்றன. பின்லாந்து 1943ஆம் ஆண்டில், போரின் நடுவில், பாடசாலை உணவுக்கான சட்டத்தை இயற்றி 1948இல் அதை முழுமையாக நடைமுறைப்படுத்தியது. சுவீடன் 1946 முதல் இதற்கு அரச மானியம் வழங்கியது. அங்கு 2011 முதல் நடைமுறையிலுள்ள கல்விச் சட்டம், அடிப்படைப் பாடசாலையின் உணவு இலவசமாக இருப்பதோடு சத்துள்ளதாகவும் இருக்கவேண்டும் என்று கட்டளையிடுகின்றது. ஓரசுண்ட் பாலத்தைக் கடந்து மால்மோ சென்றால், அங்கு வாழும் தமிழ்க் குடும்பத்தின் பிள்ளை பாடசாலை உணவகத்தில் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கின்றது. பாலத்தின் இப்பக்கத்தில், கொப்பன்ஹேகனில் வாழும் அதன் மைத்துனப் பிள்ளைக்கு அந்த வரிசை இல்லை. இரண்டுமே வடபுலத்து நலன்புரி அரசுகள். வேறுபாடு நாட்டின் செல்வத்தில் இல்லை, அரசியல் முடிவில் உள்ளது.

கொடுப்பனவு எவ்வாறு இயங்குகின்றது?

பாடசாலைக்கு முந்திய பருவத்திற்கும் பாடசாலைப் பருவத்திற்கும் விதிகள் வேறுபடுகின்றன. இந்த வேறுபாட்டைப் பல பெற்றோர் அறிந்திருப்பதில்லை.

குழந்தைகள் காப்பகத்திலும் பாலர் பாடசாலையிலும், பராமரிப்புச் செலவில் பெற்றோர் செலுத்தவேண்டிய பங்கு 25 வீதத்திற்கு மேற்படக்கூடாது. மதிய உணவு அங்கு நகரசபையின் ஏற்பாடாக வழங்கப்படுமாயின், அதற்கான கட்டணம் இதற்கு மேலதிகமாகப் பெற்றோரிடம் அறவிடப்படும். உணவு ஏற்பாடு வேண்டாமெனில் அந்நிலையத்தின் பெற்றோர் வாக்களித்து அதை நிராகரிக்கவும் சட்டம் இடமளிக்கின்றது. வருமானம் குறைந்த குடும்பம் 'பிறிபிளஸ்' எனப்படும் கட்டணச் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம். வருமானம் குறையக் குறையச் சலுகை கூடி, குறித்த எல்லைக்குக் கீழே கட்டணம் முற்றாகவே நீங்கும். ஒற்றைப் பெற்றோருக்கு அந்த வருமான எல்லை சற்று உயர்த்தப்படுகின்றது. எல்லைகள் ஆண்டுதோறும் மாற்றப்படுவதால், முன்னர் ஒருமுறை நிராகரிக்கப்பட்டவர் மீண்டும் பார்ப்பது அவசியமாகும்.

பிள்ளை பாடசாலையில் காலடி வைத்ததும் காட்சி மாறுகின்றது. அங்கு உணவு வழங்க வேண்டிய கடமை நகரசபைக்கு இல்லை. விரும்பினால் வழங்கலாம், விரும்பினால் மானியம் கொடுக்கலாம், முழுக் கட்டணத்தையும் பெற்றோரிடமே அறவிடலாம். நாட்டில் 98 நகரசபைகள் உள்ளமையால், ஒரு பிள்ளையின் தட்டில் என்ன விழும் என்பதை அது வாழும் ஊரே தீர்மானிக்கின்றது. சில பாடசாலைகளில் சிற்றுண்டிச்சாலை உண்டு. சிலவற்றில் வெளி நிறுவனம் உணவைக் கொண்டுவந்து விற்கின்றது. பலவற்றில் கட்டணப் பாலைத் தவிர வேறெதுவும் இல்லை.

தலைநகரான கொப்பன்ஹேகன் இவ்விடயத்தில் முன்னே நிற்கின்றது. அந்நகரசபை 2009இல் 'ஈட்' என்ற பெயரில் பாடசாலை உணவுத் திட்டத்தை ஆரம்பித்தது. இதைத் தவிர, மாணவர்களே சமையற்காரருடன் சேர்ந்து சமைக்கும் 'உணவுப் பாடசாலை'களும் அந்நகரில் இயங்குகின்றன. உணவின் விலையில் ஒரு பகுதியை நகரசபை ஏற்க, எஞ்சியதைப் பெற்றோர் செலுத்துகின்றனர். வருமானம் குறைந்த குடும்பங்கள் மேலும் சலுகை கோரலாம். ஆனால் இச்சலுகை தானாக வந்து சேர்வதில்லை. பெற்றோர் கோரினால் மட்டுமே கிடைக்கும்.

பொதுவாக எல்லா ஊர்களிலும் நடைமுறை இதுவே. இணையத்தில் கணக்கைத் திறந்து, வங்கி அட்டையால் முற்பணம் இட்டு, நாட்களைத் தெரிவுசெய்து உணவைப் பதிவுசெய்ய வேண்டும். கணக்கில் பணம் இல்லையெனில் அன்று உணவில்லை. பணம் இருந்தும் பதிவு செய்ய மறந்தாலும் உணவில்லை. ஓர் எளிய கணக்கு இதன் சுமையைக் காட்டும். ஒரு வேளை உணவுக்கு 25 குரோணர் என்று வைத்துக்கொண்டால், 200 நாள்கள் கொண்ட கல்வியாண்டில் ஒரு பிள்ளைக்கு 5,000 குரோணர் செல்லும். மூன்று பிள்ளைகளுக்கு 15,000 குரோணர். துப்புரவுப் பணியிலோ தொழிற்சாலையிலோ ஒருவர் மட்டும் உழைக்கும் குடும்பத்திற்கு இது சிறு தொகையன்று.

இவற்றுக்கு அப்பால் அரசின் சிறுவர், இளையோர் கொடுப்பனவு உண்டு. 15 வயதிற்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு மூன்று மாதத்திற்கு ஒருமுறையும், 15 முதல் 17 வயது வரையானோருக்கு மாதந்தோறும் அது வழங்கப்படுகின்றது. முழுத் தொகையையும் பெறுவதற்குப் பெற்றோர் கடந்த 10 ஆண்டுகளில் 6 ஆண்டுகள் டென்மார்க்கில் வாழ்ந்தோ வேலை செய்தோ இருக்கவேண்டும். ஆகவே, அண்மையில் குடும்ப ஒன்றிணைவிலோ வேலை அனுமதியிலோ வந்தவர்கள் மட்டுமே கொண்ட குடும்பம், அதிக செலவுள்ள முதல் ஆண்டுகளிலேயே குறைந்த தொகையைப் பெறுகின்றது. ஒற்றைப் பெற்றோருக்கு உரிய மேலதிக சிறுவர் உதவித்தொகையும் விண்ணப்பித்தால் மட்டுமே கிடைக்கும். நீண்டகால நோயால் விசேட உணவு தேவைப்படும் பிள்ளைக்கு, அதனால் ஏற்படும் மேலதிகச் செலவை ஈடுசெய்யும் வழி 2024இல் நடைமுறைக்கு வந்த சிறுவர் சட்டத்திலும் தொடர்கின்றது. இதற்கும் நகரசபையிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

உதவி ஏன் சென்றடைவதில்லை?

முதற் காரணம் அறியாமை. 2014 நவம்பர் முதல் அரச கடிதங்கள் மின் அஞ்சற்பெட்டிக்கே செல்கின்றன. பாடசாலைச் செய்திகள் 'அவுலா' தளத்தில் வருகின்றன. 'மிட்ஐடி' இன்றி எந்தக் கதவும் திறப்பதில்லை. இத்தனை கடவுகளையும் டேனிய மொழியில் தாண்டவேண்டும். பல குடும்பங்களில் மின் அஞ்சலைத் திறப்பவர் ஒருவர், சமையலையும் பிள்ளையையும் கவனிப்பவர் வேறொருவர். உணவுச் சலுகை பற்றிய அறிவித்தல் இந்த இருவருக்கும் இடையில் காணாமற்போகின்றது. இந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த இரண்டாம் தலைமுறைப் பெற்றோருக்கு இது இலகுவாக இருக்கலாம். திருமணமாகி யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் வந்த இளம் தாய்க்கும், சென்னையிலிருந்து கணவனின் வேலைக்காக வந்த மனைவிக்கும் அது அவ்வாறில்லை.

இரண்டாவது காரணம் அச்சம். "நகரசபையில் உதவி கேட்டால் நிரந்தர வதிவிட உரிமை கிடைக்காது" என்ற எச்சரிக்கை தமிழ் வீடுகளில் வாய்மொழியாக உலாவுகின்றது. இதில் பாதி உண்மை உண்டு, பாதி தவறு உண்டு. இரண்டையும் பிரித்தறிவது மிக முக்கியம். நிரந்தர வதிவிட உரிமை கோருபவர், கடந்த 4 ஆண்டுகளில் செயலூக்க சமூகக் கொள்கைச் சட்டத்தின் கீழும் ஒருங்கிணைவுச் சட்டத்தின் கீழும் வழங்கப்படும் வாழ்வாதார உதவியைப் பெற்றிருக்கக்கூடாது என்பது உண்மை. ஆனால் பாலர் பாடசாலைக் கட்டணச் சலுகை அச்சட்டங்களின் கீழ் வருவதன்று. சிறுவர், இளையோர் கொடுப்பனவும் அவ்வாறே வேறு சட்டத்தின் கீழ் வருவது. நகரசபை எல்லாக் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கும் வழங்கும் பாடசாலை உணவுச் சலுகையும் வாழ்வாதார உதவியன்று. இவற்றைப் பெற்றமைக்காக வதிவிட உரிமை மறுக்கப்படும் என்று அஞ்சி, உரிய சலுகையைக் கைவிடுவது தேவையற்ற இழப்பு. மறுபுறம், வேலையிழந்து நாளாந்தச் செலவுக்கே சமூக உதவி கோரும் நிலை வந்தால், விண்ணப்பத்தில் ஒப்பமிடும் முன் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் அந்த உதவி வழங்கப்படுகின்றது என்பதை எழுத்தில் கேட்டறிவதும், வதிவிட உரிமை நிலுவையில் இருப்பின் சட்ட ஆலோசனை பெறுவதும் கட்டாயமாகும்.

மூன்றாவது காரணம் வெட்கம். இதுவே ஆழமானது. ஏதிலியாக வந்து, உணவகங்களிலும் மீன் தொழிற்சாலைகளிலும் உழைத்து, எவரிடமும் கைநீட்டாமல் வாழ்ந்தோம் என்ற பெருமிதம் முதல் தலைமுறையின் முதுகெலும்பு. அப்பெருமிதம் மதிக்கப்பட வேண்டியது. எனினும், பெற்றோரின் மானத்தைக் காக்கும் பொருட்டுப் பிள்ளையின் வயிறு விலைகொடுக்குமாயின் அங்கு சிந்திக்க வேண்டியிருக்கின்றது. வகுப்பில் பத்துப் பிள்ளைகள் சூடான உணவைப் பெற, வெறும் பாணை மேசைக்கடியில் மறைத்து உண்ணும் பிள்ளைக்கும் மானம் உண்டு.

உதவி தானமன்று, உரிமை

இந்த வெட்கம் தமிழருக்கு மட்டும் உரியதன்று. டேனிய ஏழைகளும் இதைச் சுமந்தே வந்தனர். 1849இல் மக்களாட்சி அரசியலமைப்பைப் பெற்ற அந்நாட்டில், வறியோர் உதவி பெற்றவர் வாக்குரிமையை இழந்தார். உண்ண உதவி கேட்டவன் முழுக் குடிமகனாக மதிக்கப்படவில்லை. 1933இல் சமூகவியல் அமைச்சர் ஸ்டைங்க கொண்டுவந்த சமூகச் சீர்திருத்தம், தானம் என்ற அடிப்படையை அகற்றி உரிமை என்ற அடிப்படையை முன்வைத்தது. எனினும் வறியோர் உதவியுடன் பிணைந்த வாக்குரிமை இழப்பின் கடைசி எச்சம் 1961இல்தான் முற்றாக நீங்கியது. தம்மையும் தம்மவரையும் போஷிக்க இயலாதவர், வேறெவரும் அவர்களைப் பராமரிக்கக் கடமைப்படாதவிடத்து, பொது உதவிக்கு உரித்துடையவர் என அரசியலமைப்பின் 75ஆவது பிரிவு இன்று கூறுகின்றது. அந்தச் சொல் 'உரித்து' என்பதாகும், 'இரக்கம்' என்பதன்று. டேனியத் தொழிலாளர் நூறு ஆண்டுகள் போராடிப் பெற்ற அந்த உரித்தைப் பயன்படுத்துவதில் இழிவு எதுவுமில்லை. அதற்கான வரியைத் தமிழ்த் தொழிலாளியும் ஒவ்வொரு மாதமும் செலுத்தியே வருகின்றார்.

சட்டத்தில் எழுதப்பட்ட உரிமை கேட்காதவிடத்து எவ்வளவு எளிதில் காணாமற்போகும் என்பதை டென்மார்க் வாழ் தமிழரைவிட நன்கறிந்த சமூகம் அந்நாட்டில் இல்லை. 1987இல் நீதியமைச்சர் எரிக் நின்-ஹான்சன் தமிழ் ஏதிலிகளின் குடும்ப ஒன்றிணைவு விண்ணப்பங்களைச் சட்டத்திற்கு மாறாக முடக்கினார். அந்த விவகாரம் 1993 சனவரியில் பிரதமர் பவுல் சுலூட்டரின் அரசையே பதவி விலகச் செய்தது. 1995இல் உயர் அரசியல் நீதிமன்றம் நின்-ஹான்சனைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது. தந்தையரும் தாய்மாரும் பிள்ளைகளும் ஒரே கூரையின்கீழ் வாழும் உரிமைக்காக ஓர் அரசாங்கமே விலை கொடுத்த நாட்டில், அந்தக் கூரையின்கீழ் வளரும் பேரப்பிள்ளைகளின் உணவு உரிமையைக் கேட்கத் தயங்குவது பொருத்தமன்று.

பாடசாலை உணவு என்பது தமிழருக்குப் புதியதுமன்று. சென்னை மாநகராட்சி தன் பாடசாலையில் மாணவருக்கு உணவளிக்கத் தொடங்கியது 1920இல். காமராசர் 1956இல் அதை மாநிலத் திட்டமாக விரித்தார். எம்.ஜி.ஆர். 1982 யூலை 1ஆம் நாள் சத்துணவுத் திட்டமாக அதைப் பெருப்பித்தார். 2022 செப்டெம்பர் 15ஆம் நாள் காலை உணவும் சேர்ந்தது. பணம் எங்கே என்ற கேள்வி அங்கும் எழுந்தது. ஆயினும் வருமானச் சான்றிதழ் கேட்காது, வந்த பிள்ளைக்கெல்லாம் ஒரே பந்தியில் சோறு போட்டமையே அதன் வெற்றி. எந்தச் சாதிப் பிள்ளை, எந்த ஏழையின் பிள்ளை என்று பந்தி கேட்கவில்லை. வசதி மிகுந்த டென்மார்க் இன்னும் விவாதித்துக் கொண்டிருக்கும் ஒன்றை, வசதி குறைந்த தமிழ்நாடு பல பத்தாண்டுகளுக்கு முன்னரே செய்து காட்டியது.

தட்டில் என்ன இருக்கவேண்டும்?

கட்டணம் மட்டுமன்றி உணவின் தன்மையும் கேள்விக்குரியது. 2016 சனவரியில் றண்டர்ஸ் நகரசபை, பொது நிறுவனங்களின் உணவில் பன்றி இறைச்சி உட்பட்ட டேனிய உணவுப் பண்பாடு பேணப்பட வேண்டுமெனத் தீர்மானித்தது உலகச் செய்தியானது. அந்த விவாதம் பெரும்பாலும் இசுலாமியரை நோக்கியதாக அமைந்தாலும், மாட்டிறைச்சி உண்ணாத சைவக் குடும்பங்களையும் மரக்கறி மட்டுமே உண்ணும் பிள்ளைகளையும் அது தொட்டது. பொது உணவு வரும்போது அதில் மரக்கறித் தெரிவு இருக்கவேண்டும் என்று கேட்பது சலுகை கோருவதன்று. சூழலைக் கருதி இறைச்சியைக் குறைக்க விரும்பும் டேனியப் பெற்றோரும் அதையே கேட்கின்றனர். அவர்களுடன் சேர்ந்து கேட்பதே அறிவுடைமை. அதேவேளை, பிள்ளை எதையும் உண்ணாது எனப் பெற்றோரே முடிவுசெய்து உணவுப் பதிவைத் தவிர்ப்பதும் சரியன்று. உணவுப் பட்டியலைப் பார்த்து, பிள்ளையுடன் பேசித் தீர்மானிக்கலாம்.

மாறும் காற்று

இப்போது டென்மார்க்கிலும் காற்று மாறத் தொடங்கியுள்ளது. 2025ஆம் ஆண்டின் நிதிச்சட்டத்தில், 2025 முதல் 2028 வரையான பாடசாலை உணவுப் பரீட்சார்த்தத் திட்டத்திற்கு 80 கோடி குரோணருக்கும் மேல் ஒதுக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய கல்வியாண்டில் தெரிவுசெய்யப்பட்ட பாடசாலைகளில் அது ஆரம்பமானது. விண்ணப்பித்த எல்லாப் பாடசாலைகளுக்கும் அதில் இடம் கிடைக்கவில்லை. இத்திட்டம் முடிந்தபின் எல்லோருக்கும் உணவா, ஏழைகளுக்கு மட்டும் உணவா, அன்றி மீண்டும் பழைய உணவுப் பொதியா என்ற கேள்வி எழும்.

செல்வந்தரின் பிள்ளைக்கும் ஏன் இலவச உணவு என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானதே. ஆனால் ஏழைக்கு மட்டும் எனப் பிரித்த இடத்திலெல்லாம் விண்ணப்பம் வருகின்றது, வருமானப் பரிசோதனை வருகின்றது, அவற்றுடன் வெட்கமும் வருகின்றது. மிகவும் தேவையுள்ளவரே விண்ணப்பிக்காது ஒதுங்குகின்றனர். இலண்டன் மாநகரம் 2023 செப்டெம்பர் முதல் அரச தொடக்கப் பாடசாலைகளின் எல்லாப் பிள்ளைகளுக்கும் உணவை இலவசமாக்கியபோது முன்வைக்கப்பட்ட வாதங்களுள் இதுவும் ஒன்று. வசதியுள்ளவர் தம் பங்கை வரியாகச் செலுத்துகின்றார். அவரது பிள்ளையும் அதே மேசையில் அமர்ந்தால்தான் அந்த உணவின் தரமும் காக்கப்படும்.

அந்த நாள் வரும்வரை செய்யவேண்டியவை சில உண்டு. பிள்ளையின் பாடசாலை அலுவலகத்திலும் நகரசபையின் இணையத்தளத்திலும், உணவு ஏற்பாடு உண்டா, குறைந்த வருமானச் சலுகை உண்டா என்று ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் பெற்றோர் கேட்டறிதல் வேண்டும். வேலையிழப்பு, பிரிவு, வருமானக் குறைவு ஏற்பட்டால் உடனே விண்ணப்பித்தல் வேண்டும். சலுகை கடந்த மாதங்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை. வருமானம் கூடினால் அதையும் அறிவித்தல் வேண்டும். தவறினால் பெற்ற தொகையைத் திருப்பிச் செலுத்த நேரும். நிராகரிப்பு வந்தால் அதன் காரணத்தை எழுத்தில் பெற்று, கடிதத்தில் குறிப்பிடப்பட்ட காலத்திற்குள் முறையிடலாம்.

தனிக் குடும்பத்தால் இயலாததைச் சமூகம் செய்யலாம். வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளில் ஆண்டுக்கு ஒருநாள் விண்ணப்ப உதவி மேசை ஒன்றை அமைப்பது பெருஞ்செலவான காரியமன்று. ஹேர்னிங், பிறண்ட ஆலயங்களின் திருவிழாக்களில் ஆயிரக்கணக்கானோர் கூடுகின்றனர். அங்கு ஒரு பக்கத் தமிழ்த் துண்டுப்பிரசுரம் பல வீடுகளைச் சென்றடையும். டேனிய மொழியில் தேர்ச்சிபெற்ற இளையோர் மாதத்தில் ஒரு மாலைப்பொழுதை இதற்கு ஒதுக்கலாம். உதவி கேட்டு வருபவரின் குடும்ப நிலை வெளியே பேசப்படாது என்ற நம்பிக்கையை அவ்வமைப்புகள் முதலில் உருவாக்கவேண்டும். அந்த நம்பிக்கை இல்லையெனில் மேசை இருக்கும், ஆள் வராது.

பாடசாலைச் சபைகளில் பெற்றோர் பிரதிநிதிகள் தேர்தல் மூலம் தெரிவாகின்றனர். அங்கு தமிழ்ப் பெற்றோர் மிகச் சிலரே அமர்கின்றனர். உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை, உரிய காலம் நாட்டில் வாழ்ந்த வெளிநாட்டவருக்கும் 1981 முதல் உண்டு. பாடசாலை உணவைத் தீர்மானிப்பது நகரசபையே என்பதால், வேட்பாளரிடம் கேட்கவேண்டிய கேள்விகளுள் இதுவும் ஒன்றாதல் வேண்டும்.

பிள்ளையை ஆறாம் வகுப்பிலிருந்தே பல்கலைக்கழகத்திற்கு ஆயத்தப்படுத்தும் சமூகம் இது. மதியத்தில் வயிறு நிறையாத பிள்ளைக்குப் பிற்பகல் கணிதப் பாடம் ஏறாது என்ற எளிய உண்மையும் அந்த ஆயத்தத்தின் ஒரு பகுதியே. 2028இற்குப் பின் டென்மார்க் எடுக்கப்போகும் முடிவில் தமிழ்ப் பெற்றோரின் குரலும் கேட்குமா, அன்றி அவர்கள் வழமைபோல் விடியற்காலையில் எழுந்து அமைதியாகப் பாணை வெட்டிக்கொண்டிருப்பார்களா என்பது அவர்களது கையிலேயே உள்ளது.